கயிறில்லாத தண்ணீர்

இங்கே தண்ணீருக்குக் கயிறு தேவையில்லை. ஆழக் கிணற்றில் இறைத்தே பழகிய நம் மணப்பாறைப் பக்கத்துக்காரர்கள் இதை லேசில் நம்பமாட்டீர்கள். இலங்கையின் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினான்கு வருடமாகியும், மலையிலிருந்து பீலிக் குழாயில் தானாகக் கொட்டும் தண்ணீரைப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

போன மாதம் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். பிரஜாவுரிமை கேட்டு என் வீட்டுக்காரர் போட்ட மனு தள்ளுபடியானதை எழுதியிருந்தேன். எங்களைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்தார். “வேணாம்னு சொல்றவங்க நாட்டுல உனக்கென்ன ஆத்தா இருப்பு? ஞாயித்துக்கெழம முடிவச் சொல்லு” என்றார். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை அவரை ஏழாம் நம்பர் மலைக்குப் பின்னாலுள்ள அருவிக்குக் கூட்டிப்போனேன். கால் மணி நேர நடைதான். அட்டைக்குப் பயந்து நான் காலில் சவர்க்காரம், நம் ஊர்ச் சோப்புதான், பூசியதைக் கேலி செய்தவர், பாதி வழியில் “ஐயய்யோ, ரத்தம்!” என்று குதித்தார். நன்றாக வேண்டும் என்றேன்.

அருவி இரண்டாள் உயரம். மரங்கள் கவிந்து வெயில் படாத இடம். “இந்தப் பாதைய வெட்டுனது எங்க மாமனாருண்ணே” என்று பெருமையடித்தேன்.

“அடேயப்பா! இது எந்த வயலுக்குப் பாயுது?”

“வயலுக்கெல்லாம் இல்ல. ஆத்துக்குப் போகுது.”

“இம்புட்டுத் தண்ணியையும் சும்மாவா விடுறாங்க!” அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

அங்கே குளித்துக்கொண்டிருந்த கீழ்க்கிராமத்துச் சிங்களவர் சிரித்தபடி, “மஹத்தயாகெ கம கொஹெத?” என்றார்.

அண்ணன் முகம் வெளுத்தது. “நம்மள வெரட்டுறானா?”

“இல்லண்ணே, ஒங்களுக்கு எந்த ஊருன்னு கேக்குறாரு.” இந்தியா என்று அவருக்குப் பதில் சொன்னேன். அடுத்து என் ஊரைக் கேட்டார்.

இங்கே யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள்கூடக் கண்ணால் பார்த்திராத இந்திய ஊரைத்தான் சொல்வார்கள். நானும் பதினான்கு வருடம் மணப்பாறை என்றே சொன்னவள். அன்று என் வாயில் வந்தது, “மெஹெ தமயி.”

“என்ன சொன்ன?” என்றார் அண்ணன்.

“இங்கதான்னு சொன்னேன். நான் வரலண்ணே. இது என் கை கொழுந்தெடுத்த மலை. மனுவ அவங்க தள்ளிட்டுப் போகட்டும்.” சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. கண்தான் பொங்கிவிட்டது.

அண்ணன் அருவியில் முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டார்.

“சரி ஆத்தா. நம்ம ஊரு இங்கருந்து எந்தப் பக்கம்?”

அவர் கேட்டு முடிக்குமுன் என் கை வடக்கே நீண்டிருந்தது.