கம்பெனி கொடுத்த வக்கீல்

என் அம்மா லவோன் கூபிக் பிப்ரவரி பதினொன்றாம் தேதி இறந்தாள். வயது எழுபத்தொன்று. நெப்ராஸ்காவில், மூவாயிரம் பேர் வசிக்கும் எங்கள் ஊரில், பன்றி இறைச்சி ஆலையின் கழிவுநீர் நிலையத்தை இருபத்தாறு வருஷம் கவனித்துக்கொண்டவள். பத்திரிகைக்குக் கொடுத்த இரங்கல் குறிப்பில் அதை எழுதினேன். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்தில் அவள் வென்ற கோப்பைகளை எழுதினேன். மத்திய அரசு அவள்மேல் வழக்குப் போட்டதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அவள் வாழ்க்கையிலேயே மிகக் கவனமாகச் செய்த வேலை அந்த வருஷத்தில்தான் நடந்தது.

குழாயில் ஓடும் நீரை அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அவள் செய்த தவறு. ஆலையிலிருந்து ஓடைக்குப் போகும் நீரில் அம்மோனியா எவ்வளவு என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு இயந்திரம் உண்டு. இருபத்துநாலு மணி நேரமும், மணிக்கு ஒருமுறை கொஞ்சம் நீர் எடுத்து ஒரே ஜாடியில் சேர்க்கும். அந்த ஜாடியின் அளவைத்தான் எழுத வேண்டும். ஆலையைக் கழுவிவிடும் நாட்களில் அளவு எகிறும். அந்த நாட்களில், காலை பத்து மணிக்குத் தண்ணீர் தெளிவாக ஓடும்போது ஒரு குவளை மொண்டு, அதன் அளவையே முழு நாளுக்கும் எழுதச் சொன்னார் மேனேஜர். பத்தொன்பது நாள் அப்படி எழுதினாள். ஆனால் ஜாடியையும் ஒவ்வொரு முறையும் சோதித்தாள். உண்மையான எண்ணையும், மாற்றி எழுதச் சொன்னது யார், என்றைக்கு என்பதையும் தன் சொந்த நோட்டில் பென்சிலால் குறித்தாள். ஏன் குறித்தாய் என்று பிறகு கேட்டேன்.

"எண்ணு வந்துச்சுல்ல? வந்த எண்ண எங்கயாவது எழுதணும்ல?" என்றாள்.

இரண்டாவது தவறு எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. ஒன்பது வருஷத்துக்கு முன், ஏப்ரல் மாதத்தில், இரண்டு மத்திய அதிகாரிகள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வெளியே காற்று. வந்தவர்களை வாசலில் நிற்க வைக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. உள்ளே கூப்பிட்டு, காபி போட்டு, கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியைத் தட்டில் அடுக்கி, நாற்பது நிமிஷம் பேசினாள். அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு வாக்கியம்: "எல்லாம் மெஷின் எடுத்த மாதிரிதாங்க." மத்திய அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம். அது அவளுக்குத் தெரியாது.

ஜூனில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விசாரணையின் குறி நீங்கள்தான் என்று எழுதியிருந்தது. இரண்டு குற்றங்கள். சிறைக்குப் போக நேரலாம்.

கடிதம் மொத்தம் ஐந்து பேருக்கு வந்திருந்தது. கம்பெனி ஐந்து பேரையும் கூட்டி, ஒமாஹாவிலிருந்து வந்த ஒரு வக்கீலை அறிமுகப்படுத்தியது. நல்ல மனிதர், நல்ல கோட்டு. செலவு முழுக்கக் கம்பெனியுடையது. கையெழுத்துப் போட்டால் போதும்.

அம்மா பேனாவைத் திறக்காமல் அவரிடம் கேட்டாள்: "மேனேஜர் ஒண்ணு சொல்றாரு, நான் ஒண்ணு சொல்றேன்னு வச்சுக்கோங்க. அப்ப நீங்க யாரு பக்கம்?"

"அப்படி ஒரு நிலைமையே வராதுங்க, மேடம்."

"இந்தத் தொட்டி நிரம்பி வழியாதுன்னு யாராவது சொன்னா நான் போய் ரப்பர் பூட்ஸ மாட்டிக்குவேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மற்ற நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவன் டக் ரெஸாச். ஆலையில் வால்வுகளையும் பம்புகளையும் பார்ப்பவன். அம்மாவோடு இருபது வருஷம் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன். மறுநாள் ஊர் உணவுக்கடையில் எல்லோர் முன்பும் ஆரம்பித்தான்.

"என்ன லவோன், ஓசி வக்கீல் உன் அந்தஸ்துக்கு ஆகாதோ?"

"ஓசியில குடுத்த எலிப்பொறி ஒண்ணு வீட்ல இருக்கு. வேணுமா?"

"அவனவன் ஒண்ணா நிக்கணும்னு பாக்கறான். இவ தனி ராஜாங்கம் நடத்தறா."

"ஒண்ணா நிக்கலாம் டக். யாரு முன்னாடி நிக்கறது, யாரு பின்னாடி நிக்கறதுன்னு கேட்டுக்கிட்டியா?"

அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். அதன்பின் பல மாதம் ஆலையில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஊரில் எல்லோரும் எதற்கும் போவது டேல் ஹோல்ம்பெர்க்கிடம்தான். உயில், நிலப்பத்திரம், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு, எல்லாம் அவர். அம்மாவும் போனாள். நானும் கூடப் போனேன். கடிதத்தைப் படித்துவிட்டு டேல் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இதுக்கு ஆள் இல்ல, லவோன்."

"முப்பது வருஷமா உன்னத் தெரியும், டேல்."

"அதனாலதான் சொல்றேன். மத்திய கோர்ட்டுக்கு நான் ரெண்டே தடவ போயிருக்கேன். ரெண்டு தடவயும் கக்கூஸ் எங்கன்னு தெரியாம அலைஞ்சேன். அங்கயே கிடக்கற ஆளாப் பாரு. எத்தன கேஸ் ஜெயிச்சீங்கன்னு மட்டும் கேக்காத. அங்க முக்காவாசிப் பேரு குத்தத்த ஒத்துக்கிட்டுதான் வருவாங்க. தோத்தவங்க என்ன ஆனாங்கன்னு பாரு."

அவர் எழுதிக் கொடுத்த பெயர்கள் நான்கு. நேரம் வாங்கி ஒவ்வொருவர் அலுவலகத்துக்கும் போகலாம் என்றேன்.

"போனா என்ன தெரியும்?" என்றாள் அம்மா. "மேசையத் தொடைச்சு வச்சிருப்பாங்க. சிரிப்பாங்க. காலைல பத்து மணிக்குத் தெளிவா இருக்கற தண்ணிய ஒரு குவளை மொண்டு பாக்கற கதைதான். அத நான் பத்தொன்பது தடவ பண்ணியாச்சு. இனிமே பண்ண மாட்டேன்."

நான் அப்படி யோசித்ததில்லை. அளக்கும் தொழிலில் இருப்பவள் நான்.

விடுப்புப் போட்டுவிட்டு, லிங்கன் நகரத்து மத்திய நீதிமன்றத்துக்கு நான்கு நாள் போனாள். யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை. முதல் நாள் வாசல் சோதனையில் பின்னல் ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன்பின் நோட்டும் பென்சிலும் மட்டும். மதியம் மிளகாய்ச் சூப்பும் பட்டை ரொட்டியும், பிறகு மீண்டும் பெஞ்ச். நான்கு பெயர்களில் மூன்று பேர் அந்த வாரம் வாதாடினார்கள். மணிக்கு ஒருமுறை ஒரு வரி எழுதினாள்.

அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. சில வரிகள்:

"காலை 9:10. உயரமானவர். கட்சிக்காரர் பேரைத் தப்பாகச் சொன்னார்."

"மதியம் 2:00. வழுக்கை. சுருக்கமாகப் பேசுகிறார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். நல்ல ஆள்."

"மாலை 4:30. ட்ரெவீனோ அம்மா. காலையில் எப்படியோ அப்படியே."

இனெஸ் ட்ரெவீனோ பல வருஷம் அரசு செலவில் ஏழைகளுக்கு வாதாடியவர். பிறகு தனியாக அலுவலகம் வைத்தார். மூன்றாம் நாள் அவர் தோற்றார். அவருடைய கட்சிக்காரன் ஒரு இளைஞன், ஐந்து வருஷம் தண்டனை. நீதிமன்றம் கலைந்தது. அம்மா வெளியே வந்தபோது, தாழ்வாரத்து பெஞ்சில் ட்ரெவீனோ அந்தப் பையனின் தாயோடு உட்கார்ந்திருந்தார். எந்தச் சிறை, எப்போது பார்க்கப் போகலாம், என்ன கொண்டுபோகக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டில் இருக்கிறது: "தோற்றபின், 40 நிமிஷம்."

நான்காம் நாளும் போனாள். ஒரு நாள் அளவை மட்டும் நம்பக் கூடாது என்றாள்.

ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த இழுவை வீட்டை விற்று ட்ரெவீனோவை அமர்த்தினாள். முதல் சந்திப்பில் அவர் வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"இதுவரைக்கும் யார்கிட்ட என்ன பேசினீங்க?"

"அந்த ரெண்டு அதிகாரிங்ககிட்ட."

"ஏதாவது குடுத்தீங்களா? காகிதம், சாம்பிள்?"

"காபி. கொலாச்சி."

"எத்தன சாப்பிட்டாங்க?"

"ஆளுக்கு ரெண்டு."

"அதையும் எழுதியிருப்பாங்க," என்றார் ட்ரெவீனோ. சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். "இனிமே வீட்டுக்கு யாரு வந்தாலும் ரொட்டி குடுங்க. வார்த்தை குடுக்காதீங்க."

அம்மா ஆலை எண்களைக் குறித்திருந்த பென்சில் நோட்டை மேசையில் வைத்தாள். ட்ரெவீனோ ஒரு மணி நேரம் படித்தார்.

"இது உங்கள உள்ள தள்ளலாம். வெளியவும் கொண்டுவரலாம். தெரிஞ்சே தப்பு எண்ண எழுதினீங்கன்னு இது சொல்லுது. யாரு எழுதச் சொன்னாங்க, என்னிக்குன்னும் சொல்லுது. எப்பக் குடுக்கறதுன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் ஒரு பக்கத்தயும் கிழிக்காதீங்க."

"நான் கிழிக்கற ஆள் இல்லீங்க."

அக்டோபரில் கம்பெனி பத்திரிகைக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. சில தொழிலாளர்கள் நிர்வாகத்துக்குத் தெரியாமல் தாங்களாகவே செய்த காரியம் இது என்றது. டக் அதை உணவுக்கடையில் படித்தானாம். அன்று மதியமே எங்கள் சமையலறைக் கதவைத் தட்டினான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"உன் வக்கீலம்மா என்னையும் எடுத்துக்குவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. உன்னையும் என்னையும் ஒரே ஆள் பாக்கக் கூடாது. அதத்தானே அன்னிக்கே சொன்னேன்?"

"சொன்ன. நான்தான் எலிப்பொறிய எடுத்துக்கிட்டேன்."

அம்மா அவனை உட்கார வைத்துக் காபி ஊற்றினாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். ட்ரெவீனோ கிழிக்கக் கூடாது என்ற நோட்டில் அல்ல, நீதிமன்ற நோட்டில்தான். இருந்தாலும் அவள் ஒரு தாளைக் கிழித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த வழுக்கைக்காரரைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கிழித்து அவன் கையில் கொடுத்தாள்.

"இவரு நல்ல ஆளு. ரெண்டாவதா வந்தாரு, அவ்வளவுதான். போய்ப் பாரு. பாக்கற வரைக்கும் வாயத் தொறக்காத."

மறு வருஷம் மார்ச்சில் அம்மா ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டாள். அறிக்கையில் பொய்யான எண் எழுதியது. அதிகாரியிடம் பொய் சொன்ன குற்றச்சாட்டை, ஆலை நோட்டை ஒப்படைத்ததற்காகக் கைவிட்டார்கள். ஒத்துக்கொள்ளும் எல்லோரிடமும் நீதிபதி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. உங்கள் வக்கீலின் வேலை உங்களுக்குத் திருப்தியா? ஆமாம் என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள். அம்மா நிமிர்ந்து நின்றாள்.

"நாலு நாள் அந்தப் பின் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டுத்தாங்க ஐயா அமர்த்தினேன். திருப்தி."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பின் பெஞ்சைப் பார்த்தார். "அந்தப் பென்சில்காரம்மா நீங்கதானா?" என்றார்.

சிறை இல்லை. மூன்று வருஷம் கண்காணிப்பு. தொழில் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். டக்குக்கும் சிறை இல்லாமல் முடிந்தது. கம்பெனி வக்கீலோடு நின்ற மூவரில் இருவர் உள்ளே போனார்கள். மேனேஜரும் போனார்.

அடக்கத்துக்குப் பிறகு, தேவாலய நிலவறையில் சாப்பாடு நடந்தபோது டக் என்னிடம் வந்தான். பணப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது.

"இது அவ நோட்டுல இருந்தது. நீ வச்சுக்க," என்றான். "ரெண்டாவது வந்த ஆளே இவ்வளவு நல்லவரு."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். கிழிந்த விளிம்பு இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நடுவே இருந்தது. தாளை அங்கே வைத்தேன். ஒட்டுநாடா போட்டு ஒட்டவில்லை.