வெயிலில் ஏறிய கடல்

சாரதாவுக்கு மழை என்றால்தான் பயம். மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து வெட்டி, அங்கேயே பிள்ளை பெற்றவள். விடாமல் பெய்தால் மலை சரியும். வானம் வெளுத்தால்தான் நிம்மதியாகச் சோறு இறங்கும். போன வருடப் பெருமழையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்களை விரட்டி விரட்டிக் கோயில் மண்டபத்தில் ஏற்றியவள் அவள்தான். பின்சுவர்கள் மண்ணுக்குள் போனபோது உள்ளே ஒரு உயிர்கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சுக்கு லயத்தில் மறுபேச்சு கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மகள் விக்னேஸ்வரியைப் பாகான் டத்தோ பக்கம் ஒரு கடலோரக் கம்பத்துக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். அன்று காலை கொழுந்துக் காட்டில் நிற்கும்போது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, கடல் ஏறுதும்மா. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பாலாய் ராயா பொது மண்டபத்துக்குப் போறாங்க. அவரு வேலைக்குப் போயிட்டாரு. பாப்பாவத் தூக்கிட்டு நானும் போகவா?"

"அங்க மழையாடி?"

"இல்லம்மா, நல்ல வெயிலு."

"மழையே இல்ல, அப்புறம் என்னா பயம்லா? பச்சப்புள்ளைய வெயில்ல தூக்கிட்டு அலையாத. வீட்டுலயே இரு."

சொல்லிவிட்டுக் கொழுந்து வெட்டும் கத்தரியை எடுத்தாள். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த ஜெயா கடலோரத்தில் வளர்ந்தவள். காதில் விழுந்ததும் கத்தரியைக் கீழே போட்டாள்.

"ஐயோ அக்கா, கடலுக்கு மழை எதுக்கு? அமாவாசை, பௌர்ணமிக்கு வர்ற பெருந்தண்ணி வெயில்லயும் ஏறும். முன்னெல்லாம் கரை தாங்குச்சு. இப்ப கடலே உசந்துபோச்சு, வருசா வருசம் கரையத் தின்னுது. எங்கப்பா வச்ச தென்னையெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது. உடனே போகச் சொல்லுங்க!"

சாரதா உடனே போன் போட்டாள். மணி அடித்தது, மகள் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மணியே அடிக்கவில்லை. மருமகனும் எடுக்கவில்லை. "நான் பெத்த புள்ளைய நானே..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். வானம் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மதியம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, நாந்தான். அடுப்படி போயிருச்சும்மா. சுவரு விழுந்தப்புறம்தான் பாப்பாவத் தூக்கிட்டு இடுப்பளவு தண்ணில ஓடியாந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரு, அந்த பாக்சிக்தான் கையப் புடிச்சு இழுத்து மண்டபத்துல ஏத்திவிட்டாரு."

"ஏன்டி, தண்ணி உள்ள வந்தப்பவே ஓடியிருக்கலாம்ல?"

"நீங்க இருக்கச் சொன்னீங்களேம்மா." மகளின் குரலில் கோபமே இல்லை. விக்கிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கும் ஏறுமாம். நான் என்னம்மா செய்யட்டும்?"

சாரதா போனை ஜெயாவின் கையில் கொடுத்தாள்.