சாம்பிள் பெட்டியில் வந்த செம்பருத்தி

எங்கள் கம்பெனியின் பேக்கிங் ஹாலுக்குள் ஒரு கடலை மிட்டாய்கூடப் போக முடியாது. நான்தான் விடமாட்டேன். அங்கே சூப்பர்வைசர் நான். மிட்டாய் வந்தால் எறும்பு வரும், எறும்பு அட்டைப்பெட்டிக்குள் ஏறும், பெட்டி கப்பல் ஏறும். பனியன் வாங்கும் நாட்டில் பிரிக்கும்போது செத்த பூச்சி ஒன்று கிடந்தால்கூட மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அதனால் ஜன்னலுக்கு வலை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, மூலைக்கு மூலை பூச்சி விளக்கு. பெட்டி அடுக்குகிற மரப்பலகையைக்கூடச் சூடேற்றி முத்திரை குத்தி வாங்குகிறோம். மரத்துக்குள் ஏதாவது வண்டு ஒளிந்திருந்து அவர்கள் காட்டுக்குள் புகுந்துவிடக் கூடாதாம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் காட்டை அவர்கள் காப்பாற்றிக்கொள்கிறார்கள். என் வயிற்றெரிச்சலெல்லாம் எங்கள் முதலாளி மேல்தான்.

அவர் அவ்வப்போது பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரைப் பார்க்கப் போவார். போகும்போதும் வரும்போதும் பெரிய பெட்டி நிறைய சாம்பிள் பனியன் இருக்கும். ஒரு தடவை வந்து இறங்கிய மறுநாள் டீ நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து ஒரு பனியனை மெதுவாகப் பிரித்துக் காட்டினார். உள்ளே, நனைத்த வேஸ்ட் துணியில் சுற்றிய செம்பருத்திக் குச்சிகள். தங்கியிருந்த ஓட்டல் தோட்டத்தில் ஒடித்தாராம். அடுக்கடுக்காக இதழ் வைத்து, மஞ்சளும் சிவப்பும் கலந்து பூக்குமாம்.

"ஏர்போர்ட்ல செடி, வெதை ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டாங்க. துணி சாம்பிளுங்கன்னு சொன்னேன். நம்ம பெட்டிய எவன் கிளறிப் பாக்கப்போறான்" என்று சிரித்தார்.

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருக்கிறது. என் தங்கையை மடத்துக்குளம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் மல்பெரித் தோட்டம்தான் சோறு. இலையை வெட்டிப் பட்டுப்புழுவுக்குப் போட்டு, கூடு கட்டியதும் விற்பார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் எந்த நாட்டிலிருந்தோ ஒரு மாவுப்பூச்சி வந்து இறங்கியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதிலெல்லாம் வெள்ளையாக அப்பிக்கொண்டது. மல்பெரிக்கு நினைத்தபடி மருந்தடிக்க முடியாது. மருந்து பட்ட இலையைத் தின்றால் புழு செத்துப்போகும். அந்தப் பூச்சியைக் கொல்கிற குட்டிக் குளவியை வெளிநாட்டிலிருந்து அரசாங்கம் வரவழைத்து விட்ட பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. அதற்குள் தங்கையின் மாமனார் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தார். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

"வேண்டாமுங்க சார். இதுல பூச்சி முட்டை இருந்தா வெவசாயம் பண்றவங்க கதி என்னாகறதுங்க. நம்ம பாய்லர்ல போட்டு எரிச்சுருலாமுங்க" என்றேன்.

"ஏம்மா, ஒரு பூச்செடிக்கு இந்தப் பாடு படுத்தறே? முருகனுக்கு வெக்கற பூவும்மா" என்றார்.

முருகனை இழுத்துவிட்டால் அதற்குமேல் யார் பேசுவார்கள்? குச்சிகளைக் கம்பெனி கேட்டுக்கு இரண்டு பக்கமும் நட்டார்கள். நட்டதெல்லாம் தழைத்தது. பூவும் சொன்னபடியே அழகாகத்தான் இருந்தது. அழகாக இல்லாமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கம் யாராவது செடியில் குச்சி கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். கேட்காமல் ஒடித்துக்கொண்டு போனால் இன்னும் நன்றாகத் துளிர்க்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். டிரைவர்கள் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசாப் பெண்கள் பழைய பெயின்ட் டப்பாவில் நட்டு வைத்தார்கள். நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எனக்குப் பூச்சியக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்குத் தங்கை எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தாள். பூவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த விதத்திலேயே ஆசைப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "இத மட்டும் தொட்டுறாத. பூச்சியோட வந்த செடியா இருக்கும்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். "செரிக்கா" என்றாள். பொரியும் சுண்டலும் கட்டிக் கொடுக்க நான் உள்ளே போன நேரத்தில் ஒரு குச்சியை ஒடித்துச் சேலைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டாள். கொண்டுபோய், புழு வளர்க்கிற ஷெட்டுக்கு முன்னாலேயே நட்டிருக்கிறாள். வீட்டு முருகன் படத்துக்குத் தினமும் பூ வேண்டுமாம்.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, திட்டாமக் கேளு. உங்க கம்பெனிச் செம்பருத்தி நுனியெல்லாம் வெள்ளையா மாவு அப்பிக் கெடக்குது. இப்ப மல்பெரியிலயும் எலை சுருண்டுக்குச்சு."

திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் அழுதாள். அதன் பிறகும் கோபம் அடங்கவில்லை, ஆனால் அது அவள் மேல் இல்லை. அவள் பொய் சொன்னது என்னிடம். எங்கள் முதலாளி பொய் சொன்னது நாட்டின் வாசலில்.

பஸ் பிடித்துப் போனேன். பட்டு வளர்ச்சித் துறை ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய பூச்சி மாதிரித் தெரியலீங்க. பழைய குளவி இத அடக்குமான்னு சொல்ல முடியாது. சோதனைக்கு அனுப்பறேன். ஆனா அதுவரைக்கும் வெச்சிருக்காதீங்க. பூச்சி பட்ட வரிசையெல்லாம் வெட்டி அங்கயே எரிச்சிருங்க" என்றார். மாப்பிள்ளை அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கம்பெனி கேட் பக்கத்துச் செடியைப் பார்த்தேன். அதே வெள்ளை. ஒரு கிளையை வெட்டி, பனியன் போடுகிற பாலிதீன் பையில் போட்டு ஒட்டி, முதலாளியின் மேஜைமேல் வைத்தேன்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இத எதுக்கு உள்ள கொண்டாந்தே? நாளைக்கு பையர் இன்ஸ்பெக்‌ஷன். துணியில பட்டா ஷிப்மென்ட்டே போச்சு."

"என்ற தங்கச்சி தோட்டம் போச்சுங்க சார்."

"இந்தச் செடியிலிருந்துதான் போச்சுன்னு எப்படிச் சொல்றே? காத்துல வந்திருக்கும்."

அவர் நாட்டுக்குள் கொண்டுவந்தபோது அது பூ. அவர் துணிக்குப் பக்கத்தில் வந்ததும் பூச்சி ஆகிவிட்டது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும் என்று இருந்தேன். அவர் அனுப்பவில்லை. அன்று சாயங்காலமே செடிகளைப் பிடுங்கச் சொன்னார். தங்கைக்காக இல்லை, இன்ஸ்பெக்‌ஷனுக்காக. பக்கத்து ஓடையில் வீசப்போனவர்களை மறித்து, நான் நின்று பாய்லரில் போட வைத்தேன். குச்சி போன வீடுகளையெல்லாம் யார் தேடிப் போவது? முதலாளியைக் கேட்டதற்கு, அது நம்ம வேலையில்லை என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் பெரும்பகுதி கருகிக் கிடந்தது. ஷெட்டில் புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. அப்போதுதான் அவற்றுக்கு அகோரப் பசி. மிச்சமிருந்த இலை போதவில்லை. "பக்கத்துத் தோட்டத்து அம்மாகிட்டக் கேக்கலாம் வாக்கா" என்று தங்கை கிளம்பினாள். இலை குறைந்தபோதெல்லாம் அவர்கள் தோட்டத்துக்குள் இவளாகவே போய் வெட்டிக்கொண்டு வந்து பழக்கம்.

அந்த அம்மா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வந்து வேலிப் படலைச் சாத்தினார்.

"கண்ணு, தப்பா நெனைக்காத. உள்ள வராத. உன்ற சேலையில ஒட்டிட்டு வந்துரும்."

பிறகு அவரே இரண்டு கட்டு இலை வெட்டி, படலுக்கு மேலாகப் போட்டுவிட்டுப் பின்னால் தள்ளிப் போய் நின்றார். தங்கை குனிந்து எடுத்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது, ஆனால் அந்த அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. அவர் செய்தது சரி. ஏர்போர்ட்டில் நடந்திருக்க வேண்டியதை இந்த வேலியில் செய்கிறார்.

அந்த இரண்டு கட்டு பாதிப் புழுவுக்குக்கூடக் காணாது. மாப்பிள்ளை ஷெட்டுக்குப் பின்னால் மீதிப் புழுக்களைப் புதைக்கக் குழி வெட்டினார். எந்தப் புழுத் தட்டுக்கு இலை, எந்தத் தட்டு குழிக்கு என்று பிரிக்க என்னால் ஆகாது என்று தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பிரித்தேன்.