பௌர்ணமியன்று ஒரு கணக்கு வகுப்பு

எங்களுடையது செருப்புக் கடை. திருவண்ணாமலையில் செருப்புக் கடை வைத்திருப்பவனுக்குப் பௌர்ணமி என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறது. அப்போது யார் செருப்பு வாங்குவார்கள்? ஆனால் சுற்றி முடித்து வந்து பார்த்தால் விட்ட இடத்தில் செருப்பு இருக்காது. இல்லாவிட்டால் எங்கே விட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவர்கள் நொந்த காலோடு நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்கள், பேரம்கூடப் பேச மாட்டார்கள். நோன்புக்குப் பிறை பார்க்கிற குடும்பம், வியாபாரத்துக்கு முழு நிலா பார்க்கிறது என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

அவள் கல்லூரியில் கணிதம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தொலைதூரக் கல்வியில் பி.எட். முடித்தாள். அதற்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பள்ளிக்கூடங்களில் போய்க் கேட்டால், அனுபவம் இருக்கிறதா என்றார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று ஒரு பள்ளியில் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள். அந்தப் பள்ளியின் கதவும் அத்தோடு சாத்தப்பட்டது. கொஞ்சம் வாய் நீளம்தான். எனக்கு அவளிடம் முதலில் பிடித்ததே அதுதான்.

பிறகு கைப்பேசி வந்து உட்கார்ந்தது. மதியம் நான் சாப்பிட வரும்போதெல்லாம் அவள் அதில் யாராவது ஓர் ஆசிரியர் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாதியில் நிறுத்துவாள். "இந்த எடத்துல புள்ளைங்களுக்குக் குழம்பும், இவர் பாட்டுக்கு ஓடறாரு" என்று திரையைப் பார்த்துச் சண்டை பிடிப்பாள். அதே பாடத்தைத் தன் வழியில் சமையலறைச் சுவரைப் பார்த்து நடத்துவாள். எனக்கு ரசம் ஆறிப்போயிருக்கும். திரையில் எழுதுவது எப்படி, படம் வரைந்து அசைய வைப்பது எப்படி என்று எல்லாவற்றையும் அப்படியே கற்றாள். எந்த வகுப்புக்கும் போகவில்லை, யாருக்கும் பணம் கட்டவில்லை. செல்போன் பெண்களைக் கெடுக்கிறது என்று சொன்ன சொந்தக்காரர்களிடம், எங்கள் வீட்டில் சாப்பாட்டை மட்டும்தான் கெடுத்திருக்கிறது என்றேன்.

ஒருநாள் இணையத்தில் வகுப்பு நடத்தும் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு அவள் நேரலையில் ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே வேலை. அனுபவம் இருக்கிறதா என்று கேட்காத முதல் இடம் அது. வியாழக்கிழமை மாலை நான்கு மணி என்று நேரம் குறித்திருந்தார்கள்.

நான்தான் பெரிய மனுஷனாகக் குறுக்கே விழுந்தேன். வியாழக்கிழமை பௌர்ணமி, அவ்வளவு கூட்டம் ஊருக்குள் வந்தால் டவர் மூச்சு விடாது, படம் அப்படியே நின்றுவிடும், முந்தின நாளுக்கு மாற்றிக் கேள் என்றேன். பௌர்ணமி விஷயத்தில் இந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவளும் அப்படியே மாற்றிக் கேட்டாள். அந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிற மேடம், புதன்கிழமை அதே நேரத்துக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் அன்று மாலையே ஆளை முடிவு செய்ய வேண்டும், இனி மாற்ற முடியாது, வேறு இருவரும் காத்திருக்கிறார்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை மதியம் கடையில் இருந்தேன். தெருவில் கூட்டம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். காலண்டரைப் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமை கட்டத்தில் வட்ட நிலா இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் பௌர்ணமி புதன் மதியமே தொடங்குவதாகப் போட்டிருந்தது.

இந்தத் தப்பை ஒரு செருப்புக் கடைக்காரன்தான் செய்ய முடியும். எங்கள் வியாபாரம் ஜனம் திரும்பி வரும்போதுதான் ஆரம்பிக்கும். அதனால் பௌர்ணமி முடியும் நேரம் எங்களுக்கு மனப்பாடம், தொடங்கும் நேரத்தைப் பரம்பரையாகவே யாரும் பார்த்ததில்லை. கைப்பேசியை எடுத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அவள் நல்ல புடவை கட்டி, மடிக்கணினியைத் திறந்துவைத்து, அதே சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எப்போ முடியும்னு உங்களுக்குத் தெரியுது. எப்போ ஆரம்பிக்கும்னு ஊருக்கே தெரியுது," என்றாள். "வண்டிய எடுங்க."

பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, அவளைப் பின்னால் உட்காரவைத்துச் சந்துசந்தாகப் புகுந்தேன். ஓரிடத்தில் போலீஸ்காரர் கயிறு கட்டி மறித்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான் ஏதோ ஆஸ்பத்திரி என்று புளுக வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "கிளாஸ் எடுக்கப் போறேன் சார்," என்றாள். அதை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கயிற்றைத் தூக்கிவிட்டார்.

ஊரைத் தாண்டி வேங்கிக்காலுக்கு வந்தும் சிக்னல் வரவில்லை. அங்கிருந்து வயல்களுக்கு நடுவே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தோம். ஒரு சிறு பாலத்தருகே அவள் என் தோளைத் தட்டினாள். சிக்னல் வந்துவிட்டது. நான்கு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பாலத்துச் சுவரில் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். மாலை வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. திரை ஒரே கறுப்பு. என் முதுகால் மறைத்துப் பார்த்தேன், முந்தானையால் மூடிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. வாரக்கணக்காக அவள் வரைந்து தயார்செய்த படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. என்னால் வந்த வினைதானே.

அவள் மடிக்கணினியை மூடினாள். தன் கைப்பேசியிலேயே வகுப்பில் நுழைந்தாள். அந்த மேடமும் மூன்று பிள்ளைகளும் திரையில் வந்தார்கள். ஸ்லைடு தெரியவில்லையே என்றார் மேடம்.

"ஸ்லைடு இல்லைங்க மேடம். மலை இருக்கு," என்றாள் என் மனைவி.

கேமராவைத் திருப்பினாள். சாலை நேராக மலையைப் பார்த்துப் போகிறது, அதன் முடிவில் அண்ணாமலை உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளிடம், இந்த மலை எவ்வளவு உயரம் என்று ஏறாமலே கண்டுபிடிக்கப் போகிறோம் என்றாள். என் கைப்பேசியில் மட்டம் பார்க்கிற வசதி ஒன்று இருக்கிறது. கடையில் அலமாரி அடிக்கும்போது அதை வைத்துத்தான் சாய்வு பார்ப்பேன். அதன் விளிம்பை மலை உச்சிக்கு நேராகப் பிடித்தால் கோணத்தைக் காட்டும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். "கை ஆடாம புடிங்க," என்று எனக்கு ஓர் அதட்டல். பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் என் கணவர், இன்றைக்கு எனக்கு லேப் அசிஸ்டென்ட் என்று அறிமுகமும் செய்துவைத்தாள். ஒன்பது டிகிரி என்று படித்துச் சொன்னேன்.

பிறகு அவள் கேட்டாள்: நாம் மலைக்குப் பக்கத்தில் போனால் இந்தக் கோணம் கூடுமா, குறையுமா? கடலோர ஊர் ஒன்றிலிருந்து சேர்ந்திருந்த பெண், தூரம் கம்மியாகிறதே, கோணமும் கம்மியாகும் என்றாள். அந்தப் பெண் மலையை நேரில் பார்த்ததே இல்லையாம். தப்பு என்று என் மனைவி சொல்லவில்லை. "அப்படியா? போய்ப் பாத்துடலாமா?" என்றாள்.

அந்த மூன்று பிள்ளைகளையும் மேடத்தையும் கையில் ஏந்தியபடி அவள் பின்னால் உட்கார, நான் மலையைப் பார்த்து வண்டியை ஓட்டினேன். என் பழைய வண்டியில் ஒழுங்காக வேலை செய்வது ஹாரனும் கிலோமீட்டர் காட்டும் முள்ளும்தான். சரியாக ஒரு கிலோமீட்டரில் நிறுத்தச் சொன்னாள். மறுபடியும் கோணம் பிடித்தேன். பன்னிரண்டு. அந்தக் கடலோரப் பெண் வாய்விட்டு, "ஐயோ, கூடிடுச்சு மிஸ்," என்றாள். ஏன் கூடியது என்று அவளையே சொல்லவைத்தாள் என் மனைவி. வண்டி சீட்டில் காகிதத்தை விரித்து, ஒரே மலை, இரண்டு கோணம், நடுவே ஒரு கிலோமீட்டர் என்று முக்கோணங்களை வரைந்து காட்டினாள். மூன்று பேரும் அவரவர் வீட்டில் போட்டார்கள். அறுநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று மூவருக்கும் ஒரே விடை வந்தது.

நான் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. அதற்கு ஓர் உயரம் உண்டு, அதை என் பெண்டாட்டி ஒரு சாலையோரத்தில் நின்று அளந்து எங்கேயோ இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கிடைத்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷம் வெறியாக இருந்தது.

நேரம் முடிந்தது. மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நன்றி சொன்னார், மற்ற இருவரின் வகுப்பையும் பார்த்துவிட்டு முடிவை மெயிலில் அனுப்புவதாகச் சொன்னார். என் மனைவி சரிங்க மேடம் என்று தலையாட்டினாள். இப்படிச் சரி சொல்லித்தான் எத்தனையோ பள்ளிகளிலிருந்து அவள் வீடு திரும்பியிருக்கிறாள்.

திரை அணைவதற்குள் அந்தக் கடலோரப் பெண் கேட்டாள். "மிஸ், இனிமே நீங்கதான் எங்களுக்கு வருவீங்களா?"

என் மனைவி வாயைத் திறந்தாள். அந்த நீளமான வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கண் மட்டும் தளும்பியது. மேடம் அவளையும் அந்தப் பெண்ணையும் பார்த்தார்.

"வருவாங்கம்மா," என்றார்.