நான் பார்க்க மறுத்த தேயிலைப் படம்

பயாஸ்கோப் என்றாலே எனக்கு ஆகாது என்று அப்புத்தளையில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பதுளையில் வந்து காட்டிய படங்களில் முக்கால்வாசியை நான் பார்த்திருக்கிறேன். நாய் துரத்தி ஒரு வெள்ளைக்காரன் சாக்கடையில் விழுகிற படத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்த சாமிப் படத்தில், மீசையை மழித்த ஆம்பிளை ஒருவன் ராணியாக நின்றான். எல்லோரும் கும்பிட்டார்கள், எனக்குக் கை எழவில்லை. பிடிக்காத படங்கள் இப்படிப் பல. நான் வெறுத்தது ஒன்றைத்தான். அது ஊரே மெச்சிய தேயிலைப் படம். அதைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதை எடுத்தது நமுனுகுலையில் எங்கள் தோட்டத்தில். எனக்குப் பதினேழு வயது; அம்மாவோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும், படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள், பெண்கள் நல்ல சேலை உடுத்தி மலைக்குப் போகவேண்டும் என்றார் கங்காணி. அம்மாவிடம் இருந்தது ஒரே நல்ல சேலை. பனியில் நனைந்து வீணாகாமலிருக்க அதன்மேல் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

வெயில் ஏறிய பிறகு, மூன்று காலில் நிற்கும் பெட்டியோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அதற்குள் அம்மாவின் கூடை நிறைந்துவிட்டது. அந்த மலையில் அவளை மிஞ்சிப் பறிக்க ஆள் கிடையாது. அதனால் முதல் ஆளாகப் போய் நின்றாள். பெட்டிக்காரன் அவளுடைய கைகளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, வெடித்துப்போன கைகள்.

பக்கத்தில் நின்ற கண்டாக்கையாதான் எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர். “நீ ஒதுங்கி நில்லு. கூடையைக் கழட்டிக் குடு,” என்றார்.

அம்மா புரியாமல் நின்றாள். கங்காணி வந்து அவள் தலையிலிருந்த கயிற்றைத் தானே கழற்றி, கூடையைத் தன் மருமகளின் தலையில் மாட்டினார். அந்தப் பெண் கல்யாணமாகி வந்து நான்கு மாதம். ஒருநாள்கூட மலை ஏறியதில்லை. பட்டுச் சேலையும் ஜிமிக்கியுமாக நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். கொழுந்தை அள்ளி மேலே வீசச் சொன்னார்கள், வீசினாள். நான்கு தடவை அப்படி எடுத்தார்கள். அம்மா காலையெல்லாம் பறித்தது மண்ணில் மிதிபட்டுக் கிடந்தது.

சாயங்காலம் நிறுத்தபோது கூடை எடை குறைந்தது என்று அம்மாவுக்கு அரைப் பேர் போட்டார்கள், பாதி நாள் கூலிதான். நடந்ததை நான் சொன்னேன். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த கண்டாக்கையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தப் படம் பதுளைக்கு வந்தது. நம்ம மலை வருதாம், பார்த்துவிட்டு வருவோம் என்று அம்மாதான் கூப்பிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் போனோம். சரக்குக் கொட்டகை ஒன்றைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். கடைக்காரக் குடும்பங்களுக்கு நாற்காலி. எங்களுக்குத் திரைக்குக் கிட்ட பாய்.

எங்கள் மலை தெரிந்ததும் கைதட்டினார்கள். பிறகு அவள் வந்தாள், அம்மாவின் கூடையோடு. அவள் பிடுங்கியதெல்லாம் முத்தல் இலை. இடையில் வந்த இங்கிலீஷ் எழுத்தை ஒருவர் தமிழில் உரக்கச் சொன்னார்: இந்தப் பெண்களுக்குக் கவலை தெரியாது, இவர்களுக்கு வேலையே விளையாட்டு.

எங்களுக்குப் பின்னால் இருந்த கடைக்கார அம்மாள், “எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க. நமக்குத்தான் ஆயிரம் கவலை,” என்றாள்.

அம்மா எழுந்து அவள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“அது கொழுந்து எடுக்கிறதில்லைங்க. அந்தக் கூடை என்னோடது. அன்னைக்கு எனக்கு அரைப் பேருதான் போட்டாங்க.”

படம் மறைக்கிறது, உட்கார் என்று யாரோ அதட்டினார்கள். டிக்கெட் கொடுத்தவன் வந்து அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளினான். அப்போதுதான் நான் கத்தினேன். கங்காணியையும் வெள்ளைக்காரர்களையும் அந்தக் கடைக்கார அம்மாளையும் சேர்த்துத் திட்டினேன். அவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. பாதிப் படத்தில் இருவரையும் தெருவில் விட்டார்கள்.

சேதி காதுக்கு எட்டி, மறுநாளே கங்காணி எங்களைக் காட்டை ஒட்டிய தூர மலைக்கு மாற்றினார். அட்டைக்கடியிலும் குளிரிலும் அங்கேயே கிடந்தோம். மருமகள் ஒருதடவை நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தாள். “அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது. மாமா நிக்கச் சொன்னாரு, நின்னேன்,” என்று அழுதாள். அம்மா அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள்மேல் தப்பில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

அப்புத்தளை ஸ்டேஷனில் வேலை செய்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷமே நெஞ்சுச் சளியில் அம்மா செத்துப்போனாள். அதன்பிறகு பதுளையில் காட்டிய அதே ஆட்கள் அந்தப் படத்தை அப்புத்தளைக்கும் கொண்டுவந்தார்கள். நான் போகமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். என் வீட்டுக்காரர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தார்.

“கடைசியில ஓரமா அத்தை நிக்கிறாங்க,” என்றார். அம்மாவை அவர் அப்படித்தான் அழைப்பார். “கூடையில்லாம, வெறுங்கையோட. கண்ணு மூடித் தொறக்கிற நேரந்தான். நாளைக்கும் காட்டுறாங்க, வா.”

அம்மாவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

மறுநாள் சேலையை மாற்றினேன், தலை சீவினேன். வாசல்வரை வந்தேன். அம்மா வரும்வரைக்கும் அந்தச் சிரிப்பைப் பார்க்கவேண்டும், அந்தக் கைதட்டலைக் கேட்கவேண்டும். உள்ளே திரும்பிப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் தேய்த்தேன். அடுத்த நாள் படக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போய்விட்டார்கள்.

நான் செய்தது தப்பு என்று அவர் பலதடவை சொல்லியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் அவளைப் பிடித்துத் தள்ளியவர்களிடமே டிக்கெட் வாங்கி அவளைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு வந்தாலும் போகமாட்டேன்.