ஸ்டெல்லாவும் ஜீவனஹள்ளி ஆந்தைகளும்

ஸ்டெல்லா இறந்துவிட்டார்.

காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் வந்த செய்தி. "நம்ம அட்மின் ஸ்டெல்லா..." என்று ஆரம்பித்திருந்தது. மிச்சத்தைப் படிக்க எனக்கு அரை மணி ஆனது.

நாற்பத்து மூன்று வயது. என் பழைய ஆபீஸில் அட்மின் பிரிவில் இருந்தவர். மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். என் பறவைப் படங்களைப் பார்த்து இங்கே வந்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படங்களில் பாதி, அவர் காட்டிய மரங்களில் எடுத்தவை.

எனக்குப் பெரிய லென்ஸ் வாங்கத் தெரிந்தது. அதை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாது. அவர்தான் ஞாயிறு காலைகளில் அல்சூர் ஏரிக்கு வரச் சொன்னார்.

என் புது மிரர்லெஸ் கேமராவைக் கையில் வாங்கியதும் அவர் தேடியது சைலன்ட் ஷட்டரைத்தான். "இத ஆன் பண்ணிடுப்பா. நாம வந்ததே அதுக்குத் தெரியக் கூடாது. சும்னே அஞ்சு நிமிஷம் நில்லு, அதுவே வரும்."

மனிதர்களை எடுக்கும்போது நேர் எதிர். சின்ன லென்ஸோடு சிவாஜிநகரில் இறங்கினால், ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். ஒரு முறை கறிக்கடை பாய் ஒருவர், "ஒரு நிமிசம் இரும்மா" என்று உள்ளே போய்த் தலை சீவி, சட்டை மாற்றி, அத்தர் பூசிக்கொண்டு வந்தார்.

"பாய், போட்டோல வாசன வராது."

"எனக்கு வருமில்ல?"

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் அந்தப் படம் ஆடிவிட்டது. மறுபடி எடுத்து, பிரிண்ட் போட்டு, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்புறம் அந்த ஆந்தைகள்...

இதை நான் எங்கும் எழுதியதில்லை.

இரண்டு வருடம் முன்பு, ஒரு மார்ச் மாதம். ஜீவனஹள்ளியில் ஒரு பழைய மரத்தின் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. இரண்டு குஞ்சுகள். என்னை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினார்.

"இடத்த யாருக்கும் சொல்லாத முரளி. இதுங்க பறக்கற வரைக்கும் போட்டோகூட போடாத."

"சரி" என்றேன்.

நான்கு நாள்தான் தாங்கினேன். பொந்திலிருந்து இரண்டு குஞ்சுகளும் ஒன்றாக எட்டிப் பார்க்கும் படம். நான் எடுத்ததிலேயே சிறந்த படம். இங்கேதான் போட்டேன். யாரோ கமென்ட்டில் இடம் கேட்டார்கள். தெருப் பெயரோடு சொன்னேன். பெருமை... வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் டிரைபாட் வைக்க இடமில்லை. ஒருவர் ஃபோனில் ஆந்தைக் குரலை ஓடவிட்டார். இன்னொருவர் பொந்துக்குள் ஃப்ளாஷ் அடித்தார். நானும் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாயும் தகப்பனும் பொந்துப் பக்கமே வரவில்லை. மறுநாளும் கூட்டம்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா ஃபோன் செய்தார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

"ஒண்ண காக்கா தூக்கிட்டுப் போச்சாம். இன்னொண்ணு கீழ கெடக்குது. எறும்பு மொய்க்குது. வா முரளி, வந்து அதையும் போட்டோ எடுத்துக்கோ."

"அத்தன பேரையும் நானா கூட்டிட்டு வந்தேன்? எம் மேலயே போடாதீங்க ஸ்டெல்லா."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

படத்தை நான் நீக்கவில்லை. லைக் வந்துகொண்டே இருந்தது. அந்த மாதமே வேறு கம்பெனிக்கு மாறினேன்.

அவருக்குப் புற்றுநோய் என்று போன வருடம் கேள்விப்பட்டேன். 'ஸாரி ஸ்டெல்லா' என்று டைப் செய்வேன். அழிப்பேன். ட்ரீட்மென்ட் முடியட்டும், நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்... இப்படியே நாள் போனது.

இரண்டு மாதம் முன்பு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலையில் ஸ்கார்ஃப். பாதியாக இளைத்திருந்தார். பூ விற்கும் அம்மா ஒருவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கிப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. கூட வந்தவர் அதை அடியில் தாங்கிப் பிடித்திருந்தார்.

பத்தடி தூரம்தான். அங்கே நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸின் பின்னால் போய்விட்டேன். அவர்கள் கிளம்பும்வரை அங்கேயே நின்றேன்.

ஆமாம். ஒளிந்துகொண்டேன்.

இன்று மர்பி டவுன் போனேன். வாசலில் நின்றவரைப் பார்த்ததும் தெரிந்தது, அன்றைக்குக் கேமராவைத் தாங்கியவர். ஸ்டெல்லாவின் தம்பி. பெயரைச் சொன்னேன்.

"ஓ... முரளி அண்ணாவா? அக்கா சொல்லும்."

என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தலைமாட்டில் ஆபீஸ் ஐடி கார்டு போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். இழுத்துப் பெரிதாக்கியதில் முகமே கலங்கியிருந்தது.

"வேற நல்லதா கெடைக்கலண்ணா. ஊரையே அது எடுத்துச்சு. அத யாரும் எடுக்கல. உங்ககிட்ட ஒண்ணாவது இருக்குமா?"

"பாக்கறேன்" என்றேன்.

மாலைவரை மூன்று ஹார்ட் டிஸ்க்கையும் தேடினேன். மீன்கொத்தி, கொக்கு, நாரை, நீர்க்காகம், மறுபடி மீன்கொத்தி... அத்தனை ஞாயிறுகளிலும் என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு ஃபிரேமில்கூட அவர் இல்லை.

தம்பிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

அல்சூர் ஏரிக்குக் கேமராவோடு போன நண்பர்கள் யாராவது இதைப் படித்தால்... உங்கள் படத்தின் ஓரத்திலாவது நீலத் தொப்பி போட்ட, ஒல்லியான ஒரு பெண் நிற்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். நாளை மதியம் அடக்கம்.

ஸ்டெல்லா... அத்தனை பேரையும் அங்கே கூட்டிவந்தது வேறு யாருமில்லை. நான்தான்.

போய் வாருங்கள்.