திருகக் கூடாத குமிழ்

பாகூரில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா, போன வாரம் என் ரெக்கார்டிங் அறையில் பாடிப் பதிவு செய்த மாதா பாட்டைக் கேட்க இன்று காலை வந்தார்.

கேட்டுவிட்டு, "எக்கோ கொஞ்சம் ஓவரா இருக்குப்பா. நானே கொறைக்கட்டா?" என்றார். மவுசைக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் எக்கோவைக் கூட்டிக் குறைக்கும் பிளக்இன் என்ற குட்டி மென்பொருள். அதில் பளபளவென்று ஒரு வட்டக் குமிழ். அக்கா அதன் வலது ஓரத்தைப் பிடித்து, மவுசை மேலே வளைத்து இடப்பக்கமாகத் திருகினார். அவர் குரல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

வெடுக்கென்று கையை எடுத்தார். "ஐயோ, பாட்டயே கெடுத்துட்டனா?"

"இல்லக்கா. அத திருகக் கூடாது. மவுசு மேல போனா எக்கோ ஏறிடும், கொறைக்க நேரா கீழ இழுக்கணும். நானும் மொதல்ல ஒரு வாரம் திருகிட்டுதான் கெடந்தேன்."

இழுத்தார். எக்கோ குறைந்தது. ஆனால் அக்கா திரையை முறைத்தார்.

"என் மெஷின்ல நூல் டென்ஷனுக்கு இதே மாரி ஒண்ணு இருக்கு. திருகுனா திருகும். இழுக்கறத இன்னாத்துக்குப்பா ரவுண்டா வரையணும்?"

அந்த ஒரு வாரமும் என் கைதான் சரியில்லை என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தவன் நான்.

நீங்களும் திருகி ஏமாந்தவரா? வெட்கப்படாமல் கமெண்டில் கை தூக்குங்கள். நம் கையில் கோளாறு இல்லை என்று டெய்லரே சொல்லிவிட்டார்.